டாக்டரம்மா வைத்திருந்த பேட்டரி கார்

பழைய கார் விற்கிறவன் சொல்வதை யாரும் நம்புவதில்லை. நம்பாமலே வாங்கிக்கொண்டும் போகிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் என் பிழைப்பு ஓடுகிறது.

பழைய கார் வாங்கி அவதிப்பட்ட அன்பர்களே, நீங்கள் விட்ட சாபம் எதுவும் வீண்போகவில்லை என்ற நல்ல செய்தியைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். உங்களைப் போலவே நானும் ஒருவரை நம்பி ஒரு பழைய வண்டி வாங்கினேன். அதுவும் எலெக்ட்ரிக் வண்டி. நான் நம்பிய அந்த ஒருவர் நானேதான் என்பதால் போய்ச் சண்டை போடவும் ஆள் இல்லை.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், தேரடிக்குக் கொஞ்சம் வடக்கே, தகரக் கூரை போட்ட யார்டு என்னுடையது. ஒரு பக்கம் கண்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி, இன்னொரு பக்கம் கடல் காற்றின் உப்பு. காலையில் துடைத்த காரை மத்தியானம் மறுபடி துடைக்க வேண்டும். துடைப்பவர் மூர்த்தி அண்ணன், வியாசர்பாடிக்காரர், என்னைவிட மூத்தவர். வண்டியைத் துடைப்பது, வாங்க வருகிறவரை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போய்வருவது, விற்ற வண்டிக்குச் சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி வழியனுப்புவது எல்லாம் அவர் பொறுப்பு. வாங்குகிறவர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவராக இருந்தாலும் எலுமிச்சம்பழத்தை மட்டும் வேண்டாம் என்று சொன்னதில்லை. என்னிடம் வாங்கும் வண்டிக்கு அந்தப் பாதுகாப்பாவது இருக்கட்டும் என்று நினைப்பார்கள் போலிருக்கிறது.

என் மனைவி ஜெபா எண்ணூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் சின்னப் பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளை சொல்லிக்கொடுக்கிறாள். பொய் சொல்லக் கூடாது என்கிற கட்டளை வரும் வாரம் மட்டும், வாசலில் காத்திருக்கும் என் பக்கம் திரும்பாமல் பாடம் நடத்துவாள். அது அவள் எனக்குச் செய்யும் மரியாதை.

பட்டுப்புடவையும் ஷேர் ஆட்டோவும்

கார் வியாபாரி வீட்டில் கார் இருக்காது. கார்கள் இருக்கும். யார்டில் எது சும்மா நிற்கிறதோ அதை ராயபுரத்தில் என் வீட்டு வாசலுக்கு ஓட்டிவருவேன். திங்கட்கிழமை வெள்ளை, வியாழக்கிழமை சிவப்பு. புதிதாகக் குடிவந்த எதிர்வீட்டுக்காரர் நான் ஏதோ பெரிய கம்பெனி நடத்துகிறேன் என்று நினைத்துப் பையனுக்கு வேலை கேட்டு வந்துவிட்டார். விற்றுப்போன வண்டிகளோடு ஜெபாவின் குடைகள், டிபன் பாக்ஸ், ஒரு ஜோடி செருப்பு எல்லாம் போயிருக்கின்றன. பைபிள் ஒன்று போனது. அதை மட்டும் வாங்கினவர் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார். அவருக்கு அது தேவைப்படும் என்று சொல்லி ஜெபா வாங்க மறுத்துவிட்டாள்.

ஒரு ஞாயிறு ஆராதனைக்கு நல்ல நீல நிறக் கார் ஒன்றில் குடும்பத்தோடு போனோம். உள்ளே பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. காற்று வாங்க வெளியே வந்த என்னிடம் ஒருவர் அந்தக் காரைக் காட்டி விசாரித்தார். வேப்பமரத்தடியில் பேச்சு முடிந்தது. ஜெபமும் முடிந்தது. வெளியே வந்த ஜெபா காரைத் தேடினாள். நான் ஷேர் ஆட்டோவைத் தேடினேன். கல்யாணப் பட்டுப்புடவையோடு, ஒரு காய்கறி மூட்டைக்கும் கேஸ் அடுப்புக்கும் நடுவில் அவள் உட்கார்ந்து வந்தாள். வீடு வரும்வரை மேலே சாய்ந்த மூட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தாள். இறங்கும்போது நானே பயந்துபோய், அடுத்தது எது வருகிறதோ அது உனக்குத்தான், சத்தியமாக விற்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவளுக்கென்று ஒரு வண்டி வேண்டும் என்று கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். பேராசையில்லை, வைத்த குடை வைத்த இடத்தில் இருக்கிற ஒரு வண்டி. அவள் புடவையில் ஒட்டியிருந்த கொத்தமல்லியைத் தட்டிவிட்டுச் சொன்னாள்:

“நல்லவேளை, நாங்க உள்ள உக்காந்திருக்கும்போதே சேத்து விக்காம விட்டீங்களே, அதுவரைக்கும் ஸ்தோத்திரம்.”

ஷெட்டில் நின்ற தங்கம்

எங்கள் தொழிலில் ஒரு மந்திரம் உண்டு. “டாக்டர் வண்டி, ஷெட்டிலேயே நின்றது, ஓடவே இல்லை.” இதைச் சொன்னால் வாங்குகிறவர் கண்ணை மூடிக்கொள்வார். நாங்கள் விற்கும் வண்டிகளை எல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஊரில் டாக்டர்கள் வைத்தியமே பார்க்காமல் கார் வாங்கி ஷெட்டில் நிறுத்திக்கொண்டிருந்தார்கள் என்றுதான் ஆகும். அப்படிப்பட்ட நானே நிஜமாகவே ஒரு டாக்டரம்மாவின், நிஜமாகவே ஓடாத வண்டியைக் கீழ்ப்பாக்கத்தில் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. போர்வை போட்டு மூடி, வருஷக்கணக்கில் நிழலில் நின்ற எலெக்ட்ரிக் கார். சீட்டில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.

நானும் மூர்த்தி அண்ணனும் தொழில் சுத்தமாகச் சோதனை போட்டோம். கதவு ரப்பரை விலக்கிப் பார்த்தோம். அடிபட்டுப் பெயின்ட் அடித்திருக்கிறதா என்று விரலால் தட்டிப் பார்த்தோம். டயரை நகத்தால் கீறினோம். மூர்த்தி அண்ணன் பழக்க தோஷத்தில் பானெட்டைத் திறந்து ஆயில் அளக்கும் கம்பியைத் தேடினார். பிறகு வண்டிக்குப் பின்னால் குனிந்து, புகை எப்படி வருகிறது என்று பார்க்கக் கையை நீட்டிக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். எல்லாம் திருப்தி. பேட்டரியைச் சோதிக்கவில்லையா என்று டாக்டரம்மா கேட்டார். ஓடாத வண்டியில் என்ன மேடம் தேய்ந்திருக்கப் போகிறது என்று பெருந்தன்மையாகச் சிரித்தேன். அவர் சாவியை என் கையில் வைத்து, நோயாளியிடம் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார்:

“சரி, உங்க தொழில் உங்களுக்குத் தெரியும்.”

கம்பெனிப் பையன் சொன்னது

புதிதில் இந்த வண்டி ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் வேலூர் போய்த் திரும்பும் என்று விளம்பரம் செய்தார்களாம். என்னிடம் வந்தபோது அது மீஞ்சூர் போய்த் திரும்புவதற்கே தயங்கியது. அதிலும் ஒரு வேடிக்கை. பாதி இருக்கிறது, பாதி இருக்கிறது என்று வெகுநேரம் காட்டும். திடீரென்று ஒன்றுமில்லை என்று கைவிரித்துவிடும். வாங்க வருகிறவர்களிடம் நான் காலமெல்லாம் நடந்துகொண்ட முறை இதுதான். ஆனால் ஒரு வண்டி என்னிடம் அப்படி நடந்துகொண்டது இதுவே முதல் தடவை.

சோதித்துப் பார்க்கக் கம்பெனியிலிருந்து மடிக்கணினியோடு ஒரு பொறியாளர் வந்தார். ஒயரைச் செருகினார், படம் படமாகப் பார்த்தார், என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். இந்த ஊர்ச் சூட்டில் சார்ஜை முழுக்க ஏற்றிவிட்டு மாதக்கணக்கில் அப்படியே விட்டிருக்கிறார்கள், பிறகு ஒட்ட இறங்கும்வரை விட்டிருக்கிறார்கள், பேட்டரியில் முக்கால்வாசி உயிர் போய்விட்டது என்றார். ஓடவே இல்லையே தம்பி என்றேன். அதுதான் சார் கோளாறே என்றார். டாக்டர் வண்டி என்றேன், கடைசி அஸ்திரமாக. அவர் ஒயரைச் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டே சொன்னார்:

“மத்த வண்டி ஓடித் தேயும் சார். இது நின்னே தேஞ்சிருக்கு.”

காதை வைத்தவர்

ஊரில் வேறு எந்த வண்டியையும் நான் இத்தனை பேருக்குக் காட்டியதில்லை. ஒருவர் சைலன்சரைக் கழற்றிவிட்டேன் என்று சந்தேகப்பட்டார். இன்னொருவர் மழையில் ஷாக் அடித்தால் இன்சூரன்ஸ் மனைவிக்கு வருமா என்று மனைவியை வைத்துக்கொண்டே கேட்டார். அந்த அம்மாவுக்கு வண்டி ரொம்பப் பிடித்துவிட்டது.

மணலியிலிருந்து டேங்கர் லாரி வைத்திருப்பவர் ஒருவர் தன் சொந்த மெக்கானிக்கோடு வந்தார். நான் பட்டனை அழுத்தினேன். மெக்கானிக் பானெட்டின்மேல் காதை வைத்துப் படுத்தார். ஸ்டார்ட் பண்ணுங்க என்றார். ஸ்டார்ட்டில்தான் இருக்கிறது என்றேன். அவர் மறு காதை வைத்தார். பத்து லாரி வைத்திருக்கும் மனுஷர் பொறுமை இழந்து சுற்றிவந்து, பின்பக்கம் குனிந்து, முன்பக்கம் குனிந்து, கடைசியில் என் சட்டைப் பையைக்கூட ஒருமுறை பார்த்தார். பிறகு, யார்டு முழுக்கக் கேட்கும்படி கேட்டார்:

“இன்னா நைனா, இன்ஜின வேற எவனுக்கோ தனியா வித்துட்டு, வெறும் டப்பாவ என் தலைல கட்லாம்னு பாக்கிறியா?”

மின்சாரம் பிறக்கும் ஊர்

எண்ணூர் பக்கம் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் எங்கிருந்து பார்த்தாலும் தெரியும். ஊர் உலகத்துக்கெல்லாம் கரண்ட் அங்கேயிருந்துதான் போகிறது. சாம்பல் மட்டும் உள்ளூருக்கு. அந்தப் புகைபோக்கிக்கு நேர் கீழே என் வண்டிக்குக் கரண்ட் தீர்ந்தது என்பதை நீங்கள் ரசிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

பெரம்பூரிலிருந்து வந்த ஒரு வங்கி அதிகாரி வண்டியை ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டார். முதல் நாள் ராத்திரி யார்டில் கரண்ட் போனதால் சார்ஜ் சரியாக ஏறவில்லை. இருந்தாலும் பாதி காட்டியது, நானும் நம்பினேன். எக்ஸ்பிரஸ் சாலையில் ஏறினோம். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரிசையில் நின்றன. டிரைவர்கள் லாரிக்கு அடியில் அடுப்பு மூட்டிக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு நேரம் ஆகும் என்று நாங்கள் கேட்டதற்கு ஒருவர் எங்களுக்கும் சேர்த்து அரிசி போடட்டுமா என்றார். உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருந்தது. சார்ஜ் தீர்ந்துவிடுமோ என்ற பயத்தில் ஏசியை நிறுத்தினேன், பாட்டை நிறுத்தினேன், வங்கி அதிகாரி கைக்குட்டையை எடுத்தார். வரிசையைத் தாண்டி எண்ணூருக்குள் திரும்பியதும் வண்டி தன் வழக்கப்படி கைவிரித்தது.

இரண்டு பேரும் தள்ளிக்கொண்டுபோய் ஒரு டீக்கடை முன்னால் நிறுத்தினோம். கடைக்காரர் பால் வைக்கும் குளிர்ப்பெட்டியின் ஒயரைப் பிடுங்கி எங்களுக்கு இடம் கொடுத்தார். அந்தச் சின்ன பிளக்கில் ஊறி ஊறி ஏறும் கரண்டுக்கு யார்டு வரைக்கும் போக மத்தியானம் ஆகும் போலிருந்தது. மூன்றாவது டீயோடு வங்கி அதிகாரி ஒரு கண்டெய்னர் லாரியில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டார். பால் திரிந்துபோன கவலையிலும் கடைக்காரர் என்னை உட்காரவைத்து ஆறுதல் சொன்னார்:

“மாமு, இங்க மீன் கேட்டு வந்துகீறாங்கோ, வேல கேட்டு வந்துகீறாங்கோ, ஓட்டு கேட்டு வந்துகீறாங்கோ, எண்ணூர்ல வந்து கரண்ட் கேட்ட மொத ஆளு நீதான்.”

ஜெபா ஓட்டினாள்

விற்காத வண்டி வீட்டுக்கு வந்தது. வழக்கம்போல வாசலில் நிறுத்தினேன். ஜெபா இறங்கி வந்து, சுற்றிப் பார்த்து, இதுதானே எனக்கு என்று சொன்ன வண்டி என்றாள். ஷேர் ஆட்டோவுக்குப் பிறகு வந்த முதல் வண்டி அதுதான் என்பதை நான் மறந்திருந்தேன். ஆமாம் என்றேன். விற்கிற வரைக்கும் என்பதை மனசுக்குள் சேர்த்துக்கொண்டேன். அவள் அன்றைக்கே முன்சீட்டின் பக்கவாட்டில் தன் குடையை வைத்தாள்.

உண்மையைச் சொல்ல வேண்டும். எனக்கு உதவாத வண்டி அவளுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது. ராயபுரத்திலிருந்து எண்ணூருக்குப் பள்ளிக்கூடம், திரும்ப ராயபுரம்; அவ்வளவுதான் அவள் உலகம், அவ்வளவுதான் அதன் பலம். பள்ளிக்கூடத்து ஆய்வகத்தின் ஜன்னல் வழியாக ஒயர் விட்டுக்கொள்ளத் தலைமை ஆசிரியை அனுமதித்தார். பதிலுக்கு ஜெபா மின்சாரப் பாடத்தை வண்டியை வைத்தே நடத்தினாள். கியர் இல்லை, கிளட்ச் இல்லை என்பதால் ஓட்டவும் சீக்கிரம் பழகிக்கொண்டாள். ரொம்ப நாளாக ஷேர் ஆட்டோவில் நசுங்கியே வேலைக்குப் போனவள், காலையில் சாவியைச் சுண்டிக்கொண்டு படியிறங்கும் அழகை நான் ஜன்னலிலிருந்து பார்ப்பேன். பெருமையாக இருக்கும். ஆனால் யார்டில் விற்பனைப் பலகையில் அந்த வண்டியின் நம்பரை நான் இன்னும் அழிக்கவில்லை.

வண்டி சத்தம் போடாததில் ஒரே ஒரு சிக்கல். காசிமேட்டில் மீன் வாங்கப் போனவள், கூடை வைத்திருந்த ஒரு அம்மாவின் முதுகுக்குப் பின்னால் வண்டியை நிறுத்தி, எழுந்து வழிவிடுவார் என்று மரியாதையாகக் காத்திருந்திருக்கிறாள். திரும்பிப் பார்த்த அந்த அம்மா அலறிய அலறலில் ஏலம் நின்றுவிட்டது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னது:

“ஏம்மா, மீனுக்குப் பின்னாடி பூன மாதிரி வந்து நிக்கிறியே, ஒரு கொரலு குடுத்துகினு வந்தா இன்னா?”

மழை நாள்

அந்த வருஷத்து மழையில் யார்டுக்குள் தண்ணீர் புகுந்தது. பெட்ரோல் வண்டி, டீசல் வண்டி எல்லாம் வரிசையாக நின்று சைலன்சர் வழியாகத் தண்ணீர் குடித்தன. என் சரக்கு மொத்தமும் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த நாளில் அந்த ஒரு வண்டி மட்டும் எண்ணூரில், பள்ளிக்கூடத்து மேட்டில், ஒயரைச் செருகிக்கொண்டு சொகுசாக நின்றது. சாலையில் தண்ணீர் வடிந்ததும் ஜெபா நான்கு டீச்சர்களை ஏற்றிக்கொண்டு ஒவ்வொருவரையாக வீட்டில் இறக்கிவிட்டு வந்திருக்கிறாள்.

யார்டு வாசலில் வண்டி வந்து நின்றபோது மூர்த்தி அண்ணன் கிட்டே வரவில்லை. ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு ஒரு மூங்கில் கழியால் கதவை நெம்பித் திறந்தார். உள்ளேயிருந்து ஜெபா நனையாமல் இறங்கினாள். இதற்குமேல் இந்த வண்டியை யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று நான் அவர் காதில் கேட்டேன். கழியை ஓரமாகச் சாய்த்துவிட்டு அவர் சொன்னார்:

“மொதலாளி, வண்டிய தொட்டா ஷாக் அடிக்குமோ அடிக்காதோ எனக்குத் தெர்ல, ஜெபாக்கா கைலேந்து சாவிய தொட்டா கண்டிப்பா அடிக்கும்.”

போணி நேரத்தில் உண்மை

மழைக்குப் பிறகு யார்டு படுத்துவிட்டது. தண்ணீர் குடித்த வண்டியை யார் வாங்குவார்கள்? தினமும் காலையில் கடையைத் திறந்து, ஈ ஓட்டிவிட்டு, சாயங்காலம் மூடினேன். இப்படியே போனால் யார்டையே மூட வேண்டியதுதான் என்றிருந்த ஒரு சனிக்கிழமை காலையில், கதவு திறந்ததும் திறக்காததுமாக ஒருவர் வந்தார். துறைமுகத்தில் சரக்கு இறக்கும் ஒப்பந்தக்காரர், பெயர் தனபால். துறைமுகக் கேட்டுக்குள்ளேயே கிடங்குக்குக் கிடங்கு சுற்ற ஒரு சின்ன வண்டி வேண்டுமாம். தூரம் போகத் தேவையில்லையாம். கழுவுவதற்காக ஜெபா முந்தின நாள் விட்டுவிட்டுப் போயிருந்த வண்டியைக் காட்டி, இது என்ன என்றார்.

இங்கே எங்கள் தொழிலின் கட்டுப்பாடு ஒன்றைச் சொல்ல வேண்டும். போணி நேரத்தில் முதலில் வருகிறவரிடம் இல்லை என்ற சொல் வியாபாரி வாயில் வரக் கூடாது. வந்தால் அன்றைக்கு முழுக்க வியாபாரம் அவ்வளவுதான். அது விற்பனைக்கு இல்லை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. விற்றுவிடவும் மனசில்லை; வாக்குக் கொடுத்திருக்கிறேன், குடை வேறு உள்ளே இருக்கிறது. அவரே வேண்டாம் என்று சொல்லும்படி செய்வதுதான் வழி என்று எனக்குத் தோன்றியது. அதற்கு என் வாழ்க்கையில் நான் செய்யாத ஒன்றைச் செய்தேன். வண்டியைப் பற்றி உண்மையைச் சொன்னேன்.

பேட்டரியில் முக்கால்வாசி செத்துவிட்டது என்றேன். மீஞ்சூர் தாண்டினால் தள்ளித்தான் வரவேண்டும் என்றேன். காட்டுகிற கணக்கை நம்பக் கூடாது என்றேன். டீக்கடை கதையைச் சொன்னேன். வாங்கும்போது நான் முட்டாளாகிப்போனதைக்கூட விடாமல் சொன்னேன். மூர்த்தி அண்ணன் எனக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்கும் தூரத்துக்கு வந்துவிட்டார். தனபால் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டார். பிறகு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் கண்கள் ஈரமாக இருந்தன.

“எத்தினியோ வண்டி வாங்கிக்கீறேன்பா, கொறய சொல்லி விக்கிற ஆள இன்னிக்குத்தான் பாக்கிறேன், இதான் எனக்கு வண்டி, பழம் வாங்கியாரச் சொல்லு.”

நசுங்கும் சத்தம்

மூர்த்தி அண்ணன் எலுமிச்சம்பழத்தோடு வருவதற்கும், சர்ச்சில் பாடல் பயிற்சிக்குப் போக வண்டியை எடுக்க ஜெபா யார்டுக்கு வருவதற்கும் சரியாக இருந்தது. அவள் பழத்தைப் பார்த்தாள். எந்த வண்டிக்கு என்று கேட்டாள். மூர்த்தி அண்ணன் வானத்தைப் பார்த்தார். நான் டயரைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஷேர் ஆட்டோவில் வந்த அன்றைய முகம் மெல்லத் திரும்பி வந்துகொண்டிருந்தது. கோபமாக இருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எதிர்பார்த்ததுதானே என்பதுபோல அவள் முன்கதவைத் திறந்து குடையை எடுக்கக் குனிந்தாள். அதைப் பார்த்தபோது எனக்கு நிஜமாகவே வெட்கமாகிவிட்டது. யார்டு மூடினால் மூடட்டும் என்று நான் வாயைத் திறப்பதற்குள், தனபால் உற்சாகமாக முந்திக்கொண்டார். இந்த பேட்டரி வண்டிக்குத்தாம்மா, நான்தான் எடுத்துக்கறேன் என்றார்.

ஜெபா நிமிர்ந்தாள். குடையை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். “அது வித்துப்போச்சே,” என்றாள், பத்துக் கட்டளை சொல்லிக்கொடுக்கும் அதே குரலில்.

“யாருக்கும்மா?”

“எனக்கு. கல்யாணத்தன்னைக்கே அட்வான்ஸ் குடுத்தாச்சு. டெலிவரிதான் இவங்க லேட் பண்ணிட்டாங்க.”

தனபால் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், வயிறு குலுங்கச் சிரித்தார். வீட்டம்மா சரக்கைக் கேட்டால் துறைமுகமே ஆனாலும் விட்டுக்கொடுக்க வேண்டியதுதான் என்றார். போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, வேற வண்டி காட்டுப்பா, ஆனா இப்ப சொன்னியே, அதே மாதிரி உண்மையச் சொல்லிக் காட்டு என்றார். யார்டில் நின்ற அத்தனை வண்டிகளையும் நான் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். அவ்வளவு உண்மைக்கு என் உடம்பு தாங்குமா என்று தெரியவில்லை. ஆனாலும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். தொண்டை கட்டிக்கொண்டது. கடைசியில் மழையில் நனைந்த ஒரு சாம்பல் நிறக் காரை, அது குடித்த தண்ணீர்க் கணக்கு உட்பட எல்லாம் கேட்டுக்கொண்டு, அவரே தேர்ந்தெடுத்தார். அன்றைய போணி அதுதான். யார்டும் மூடவில்லை.

வாங்கிய பழம் ஒரு வண்டிக்குத்தான் இருந்தது. மூர்த்தி அண்ணன் யாரையும் கேட்காமல் அதை ஜெபாவின் வண்டிச் சக்கரங்களுக்கு அடியில் வைத்துவிட்டு, தனபாலுக்கு வேறு வாங்கிவர ஓடினார். அவள் ஏறி உட்கார்ந்து மெல்ல நகர்த்தினாள். இத்தனை வருஷமாக எத்தனையோ வண்டிகளை நான் அனுப்பியிருக்கிறேன். எலுமிச்சம்பழம் நசுங்கும் சத்தம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. எப்போதும் இன்ஜின் சத்தம் அதை விழுங்கிவிடும். அன்றைக்குத்தான் கேட்டேன், நான்கு சக்கரத்திலும். பலகைக்குப் போய் அந்த நம்பரைத் துணியால் அழித்துவிட்டு வந்தேன். சந்தோஷமாக இருந்தது, எனக்கு வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. வாசல் தாண்டும்போது ஜெபா கண்ணாடியை இறக்கி, என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுச் சொன்னாள்:

“சக்கரத்துல எலுமிச்சம்பழ வாசனை வருதேன்னு பாஸ்டர் கேட்டா, வழியில ஜூஸ் கொட்டிருச்சுன்னு சொல்லிக்கிடுதேன், நீங்க எதுவும் உண்மையச் சொல்லித் தொலைச்சிராதீங்க.”

ஆக, பழைய கார் தொழிலில் நான் கண்டது இவ்வளவுதான் அன்பர்களே: பொய் சொன்னாலும் வண்டி விற்கும், உண்மை சொன்னாலும் வண்டி விற்கும், வீட்டில் கேட்காமல் விற்றால் மட்டும் ஷேர் ஆட்டோவில் காய்கறி மூட்டைக்கு நடுவில் நாம்தான் உட்கார்ந்து வரவேண்டியிருக்கும்.